அம்மாவின் கட்டில் சும்மா கிடந்த சாமான் அல்ல

ட்வைட் பண்ணை,
ஓடைச் சாலை, விஸ்கான்சின்.
ஆகஸ்ட் 29, வெள்ளிக்கிழமை

'காட்டோரம்' மாத இதழின் மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஆண்டவருடைய கிருபையால் இங்கே நானும் என் கணவர் லவெர்னும் பதினான்கு கோழிகளும் சுகமாக இருக்கிறோம். நீங்களும் உங்கள் வீட்டாரும், அச்சகத்தில் வேலை செய்பவர்கள் உட்பட, அப்படியே சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். ஜெபித்தாயிற்று. இனி உங்கள் ஜூலை இதழின் நாற்பத்திரண்டாம் பக்கத்துக்கு வருகிறேன்.

"மானுக்கு உணவு வயல்: கருவி வாங்கவே வேண்டாம், வீட்டில் சும்மா கிடக்கும் சாமான்களே போதும்" என்று அங்கே ஒரு கட்டுரை போட்டிருக்கிறீர்கள். எழுதியவருடைய தாடி மட்டும்தான் படத்தில் தெரிகிறது. அந்தத் தாடிக்காரருக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறதா என்று எனக்கு முதலில் தெரிய வேண்டும். ஆகியிருந்தால், ஒரு வீட்டில் எதுவும் சும்மா கிடப்பதில்லை, அது ஒரு பெண்பிள்ளையின் வேலைக்காக அங்கே இருக்கிறது என்று யாராவது அவருக்குச் சொல்லியிருப்பார்கள். நான் பள்ளிக்கூடத்தில் எட்டாவதுக்கு மேல் போகாதவள். மற்றதெல்லாம் வேதப்புத்தகத்திலும் விதைப்பட்டியலிலும் படித்துத் தெரிந்துகொண்டது. ஆனால் முப்பத்தெட்டு வருடமாக இந்த வீட்டுக் கணக்கை மசியால் எழுதுகிறேன், ஒரு எண்ணையும் அடித்துத் திருத்தியதில்லை. அதனால் நான் சொல்வதை நீங்கள் நம்பலாம்.

காட்டை ஒட்டிய அரை ஏக்கரில் மானுக்குப் பிடித்த ரை தானியமும் குளோவர் தீவனச்செடியும் விதைத்து, நவம்பரில் ஒன்பது நாள் வேட்டைக்காலம் திறந்ததும் ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு மரத்தில் ஏறி உட்கார்ந்து, மேய வரும் மானைச் சுடுவதில் எனக்குத் தடையில்லை. குளிர்காலம் முழுக்க நாங்கள் அந்தக் கறியைத்தான் சாப்பிடுகிறோம். விருந்துக்கு அழைத்துச் சுடுவது முறையா என்று எங்கள் போதகரைக் கேட்டேன், அவரும் சுடுகிறவர், பேச்சை மாற்றிவிட்டார். போகட்டும். ஆனால் மானுக்குச் சோறு போடுவதற்குக் கருவி வேண்டும் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வருகிறது. முப்பது வருடமாக ஒரு கருவியும் இல்லாமல் நான் அதைச் செய்துவருகிறேன். அதற்குப் பெயர் என் காய்கறித் தோட்டம்.

கருவியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளவும். மேட்டுப் பண்ணை ஏலத்தில், நாலு சக்கர மோட்டார் வண்டியில் மாட்டி இழுக்கிற சின்னச் சட்டிக்கலப்பை ஒன்று வந்தது. கொஞ்சம் துரு, நேரான தட்டுகள், இருநூற்று நாற்பது டாலர். நானே குனிந்து ஒவ்வொரு தட்டையும் சுற்றிப் பார்த்தேன். கூரைக்கென்று காப்பி டின்னில் வைத்திருந்த பணத்தை எடுத்துத் தருகிறேன் என்று வாயாரச் சொன்னேன். லவெர்ன் உங்கள் இதழைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இருநூத்தி நாப்பதா? இதுல செலவு சைபர்னு போட்டிருக்கு, ஆர்டிஸ்."

"சைபர் போட்டவன் வந்து உழுவானா?"

"உழவே வேணாம்னு போட்டிருக்கான். சும்மா கீறிவிட்டாப் போதுமாம்."

கலப்பையை வேறொருவர் வாங்கிக்கொண்டு போனார். அதே கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்தில் மூவாயிரத்து எண்ணூறு டாலர் கருவிக்கு முழுப்பக்க விளம்பரம் போட்டிருக்கிறீர்கள். ஒன்று சைபர், இல்லாவிட்டால் மூவாயிரத்து எண்ணூறு. நடுவில் ஒரு நல்ல பழைய கலப்பை இருநூற்று நாற்பதுக்குக் கிடைக்கும், தட்டு நேராக இருக்கிறதா, அச்சு ஆடுகிறதா என்று பார்த்து வாங்குங்கள் என்று சொல்ல உங்கள் இதழில் ஒரு மூலைகூடவா இல்லை?

முதலில் போனது என் சர்க்கரை தூவும் டப்பா. குளோவர் விதை பொடிசு, கையால் இறைத்தால் ஒரே இடத்தில் விழும், துளையுள்ள டப்பாவில் போட்டுத் தூவுங்கள் என்று எழுதியிருக்கிறார் உங்கள் தாடிக்காரர். கழுத்தில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றுகிற விதைப்பை கடையில் முப்பத்தைந்து டாலர்தான். அதை வாங்காமல் இவர் என் டப்பாவை எடுத்துத் தூவிப் பழகியிருக்கிறார். பழகிவிட்டு நல்ல பிள்ளையாக அதே அலமாரியில் திருப்பி வைத்தும் விட்டார், பாதி விதையோடு. அந்த விதைக்கு மேலே வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலயத்தின் கீழ்த்தளத்தில் காப்பிக்கு என் முறை. அறுபது டோனட் சுட்டுக்கொண்டு போய், எல்லார் கண்முன்னாலும் அதன் மேலே தூவினேன். போதகர் மூன்று சாப்பிட்டார். "அடியில ஏதோ நறநறங்குதே, ஆர்டிஸ், புதுப் பக்குவமா?" என்று கேட்டார். பின்வரிசையில் லவெர்ன் தன் டோனட்டைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப்பையில் வைப்பதைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, தேவனுக்கு ஸ்தோத்திரம். ஆனால் அன்றிலிருந்து காப்பி முறை வரும்போதெல்லாம், "நீங்க வெறும் காப்பி மட்டும் பாத்துக்கோங்க" என்கிறார்கள்.

அடுத்தது வெந்நீர்த் தொட்டி. விதையை மண்ணில் அழுத்த உருளை வேண்டுமாம். "அடித்தளத்தில் சும்மா கிடக்கும் பழைய தொட்டியில் தண்ணீர் நிரப்பி இழுங்கள்." அது சும்மா கிடக்கவில்லை. அதன் தலைமேல் என் பீட்ரூட் ஊறுகாய் ஜாடிகள் பதினெட்டு இருந்தன. ஜாடிகளைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, தொட்டியைப் படியேற்றி, மேட்டு உச்சிக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் நிரப்பி, அடியில் ஒரு கல்லை முட்டுக் கொடுத்து வைத்துவிட்டுச் சாப்பிட வந்தார். எங்கள் நிலம் ஒன்றும் மேசை மாதிரி இருக்காது. நாங்கள் சாப்பாட்டு ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது புறப்பட்டுவிட்டது. கண்ணை மூடியிருந்ததால் நாங்கள் பார்க்கவில்லை, கேட்டோம். வேலியைத் தாண்டி, கோழிக்கூண்டின் தெற்குச் சுவரைச் சாய்த்து, ஓடையில் போய் விழுந்தது. அதற்கு முன் எங்களிடம் பதினாறு கோழிகள் இருந்தன. இரண்டு காட்டுக்குள் ஓடியவை திரும்பவேயில்லை. "கல்லு வெச்சுட்டுதானே வந்தேன்" என்கிறார் என் கணவர், இன்றுவரைக்கும்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். கட்டிலைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு சோல்வே என்று ஒரே ஒரு அக்கா, டுலூத்தில் இருக்கிறாள். ஏழு வருடத்துக்கு முன் அம்மா காலமானபோது வீட்டுச் சாமான்களுக்குச் சீட்டு எழுதி அப்பாவின் பழைய தொப்பியில் போட்டு எடுத்தோம். நாங்கள் இருவரும் பிறந்த இரும்புக் கட்டில் எனக்கு விழுந்தது. "சீட்டை மடிச்சது நீதானே, எது எதுன்னு உனக்குத் தெரியாதா?" என்றாள். நான் ஏமாற்றவில்லை, அது ஆண்டவருக்குத் தெரியும், அவர் சாட்சி சொல்ல வரவில்லை. அவள் கொண்டுவந்த பாத்திரத்தைக்கூட எடுக்காமல் காரில் ஏறிப் போய்விட்டாள். அடியில் அவள் பெயர் ஒட்டிய அந்தப் பாத்திரத்தைக் கழுவி ஏழு வருடமாக வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்காமல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று விசாரித்துப் பாருங்கள். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்தட்டை வரும், அதில் முழுப்பெயரும் கையெழுத்தும் மட்டும், வழக்கு மன்றத்துக்கு எழுதுவது மாதிரி.

அப்படிப்பட்டவள் போன வாரம் நாலு வரி எழுதியிருக்கிறாள். செப்டம்பர் முதல் திங்களில் வரும் தொழிலாளர் தின விடுமுறைக்கு வருகிறாளாம். அம்மா கட்டிலில் இரண்டு இரவு படுக்க வேண்டுமாம். அது புரண்டால் ஒரு சத்தம் போடும், அந்தச் சத்தம் கேட்டு நாளாயிற்றாம்.

நான் அழுதுகொண்டே மாடியேறி மெத்தையைத் தூக்கி வெயிலில் போடப் போனேன். மெத்தைக்கு அடியில் ஒட்டுப்பலகை இருந்தது. ஸ்பிரிங் இல்லை.

"லவெர்ன் ஹாரல்ட் ட்வைட்," என்றேன். நான் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டுதான் வருவார். "அம்மா கட்டிலோட ஸ்பிரிங் எங்க?"

"அது ஒரு அருமையான பரம்பு, ஆர்டிஸ். அப்படியே மண்ணைச் சீவுது."

"எங்கன்னு கேட்டேன்."

"நாப்பத்திரண்டாம் பக்கத்துல மூணாவது படம் பாரு. பழைய கட்டில் ஸ்பிரிங், மேல ரெண்டு ஹாலோ பிளாக் கல்லு. யாரும் படுக்காத கட்டில்தானேன்னு..."

யாரும் படுக்காத கட்டில். ஐயா, அதில் யாரும் படுக்கக் கூடாது என்றுதான் நான் யாரையும் படுக்கவிடவில்லை. இப்போது அது காட்டோரத்தில் களைவேர் சிக்கிக் கிடக்கிறது. கழற்றிக் கொண்டுவாருங்கள் என்றால், ஞாயிறு மாலை மழை என்று வானொலியில் சொல்லியாயிற்று, அதற்குள் கீறி விதைக்காவிட்டால் இந்த வருடம் வயலே கிடையாது, போன வருடம் மாதிரி மான் எல்லாம் வேலிக்கு அந்தப்பக்கம்தான் மேயும் என்கிறார். அக்கா நாளை மதியம் வருகிறாள். பலகையில் உட்கார்ந்தால் சத்தம் வராது. சத்தம் வராவிட்டால், என்னிடமிருந்து பறித்துக்கொண்டு அதைக் காப்பாற்றக்கூட இல்லை என்பாள். ஏழு வருடம் போய்விட்டது, இன்னும் எத்தனை வருடம் எனக்கு மிச்சமிருக்கிறது, அவளுக்கு மிச்சமிருக்கிறது? இதற்கு உங்கள் தாடிக்காரர் எந்தக் கருவி சொல்வார்?

ஆகவே நான் கேட்பது: கோழி இரண்டு, கூண்டுச் சுவர், சர்க்கரை டப்பா ஆகியவற்றுக்கு நாற்பத்தேழு டாலர் அறுபது சென்ட் அனுப்ப வேண்டும். கட்டிலுக்கு விலை இல்லை, அதனால் அதற்கு மன்னிப்பு மட்டும், அதே நாற்பத்திரண்டாம் பக்கத்தில், அதே பெரிய எழுத்தில். எங்கள் சந்தாவை இன்றோடு நிறுத்திவிடவும்.

கோபத்தில் எழுதினாலும் சபிக்கவில்லை. கர்த்தர் உங்களையும் உங்கள் அச்சுப்பொறியையும் ஆசீர்வதிப்பாராக. தாடிக்காரரை ஆசீர்வதிப்பதைப் பற்றி அவரே யோசித்து முடிவு செய்யட்டும்.

இப்படிக்கு,
ஆர்டிஸ் ட்வைட்
(திருமதி லவெர்ன் ட்வைட்)

பி.கு., செப்டம்பர் 1, திங்கள்: சனிக்கிழமை நான் இதைத் தபால் பெட்டியில் வைப்பதற்குள் தபால் வண்டி போய்விட்டது. நேற்று ஞாயிறு, இன்று விடுமுறை. அதனால் உறையைப் பிரித்து எழுதுகிறேன்.

அக்கா வந்தாள். பெட்டியை வைத்துவிட்டு நேரே மாடிக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். "ஆர்டிஸ், சத்தம் எங்கடி?" என்றாள். அறுபத்தேழு வயதில் பொய் சொல்ல எனக்குத் தெரியவில்லை, வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். லவெர்ன் வண்டியை நிறுத்தித் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். அவள் ஸ்பிரிங்கைப் பார்த்தாள், கற்களைப் பார்த்தாள், அவர் கீறிய மண்ணைப் பார்த்தாள். நான் மனசுக்குள் அவள் பாத்திரத்தைக் காரில் ஏற்றிவிட்டேன்.

"கல்லு போதாது," என்றாள். "குதிச்சுக் குதிச்சுப் போயிருக்கு பாரு. பாதி மண்ணு அப்படியே கிடக்கு. எந்த மடையன் சொன்னான் ரெண்டு கல்லுன்னு?"

உங்கள் இதழின் பெயரைச் சொன்னேன்.

கற்களைத் தள்ளிவிட்டு, ஒரு சாக்கை விரித்து, காலை நீட்டி ஸ்பிரிங் மேல் உட்கார்ந்தாள். "வாடி. என் ஒருத்தியால ஆகாது."

"அக்கா, நாம கிழவிங்க."

"அதனாலதான் கூப்பிடறேன். கனம் வேணும்."

உட்கார்ந்தேன். லவெர்ன் மெதுவாக இழுத்தார். கட்டில் சத்தம் போட்டது, ஐயா. அரை ஏக்கர் முழுக்கப் போட்டது. போதகர் சாலையில் காரில் போனவர், வேகத்தைக் குறைத்து, எங்கள் இருவரையும் பார்த்து, கையைத் தூக்கிவிட்டுப் போய்விட்டார். இது என்ன புதுப் பக்குவம் என்று கேட்கவில்லை. மூன்றாவது சுற்றில், உண்மையைச் சொன்னாள்: நான் மடித்து வைத்த சீட்டில், கட்டில் தனக்கு வருகிற மாதிரி அவள்தான் ஓரத்தைக் கிள்ளி வைத்தாளாம், அப்படியும் எனக்கு விழுந்ததாம், அந்த ஆத்திரமாம் ஏழு வருடம். வாயைத் திறந்தால் நாக்கைக் கடித்துக்கொள்ள நேரிடும் போல் ஸ்பிரிங் ஆடியது. விதைத்து முடித்தோம், ஞாயிறு மாலை சொன்னபடி மழை பெய்தது.

எனவே, மன்னிப்புப் போட வேண்டாம். மூன்றாவது படத்தின் கீழ் மட்டும் திருத்தம் போடவும்: இரண்டு கல் அல்ல, முந்நூற்று இருபது பவுண்டு. கோழி ஒன்று திரும்பிவிட்டது, அதைக் கழித்துக்கொள்ளவும். சந்தாவை நிறுத்த வேண்டாம். அக்காவுக்கும் ஒரு வருடச் சந்தா இத்துடன்.

அவள் இன்று காலை புறப்பட வேண்டியவள். முளை வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று இருக்கிறாள். ரை ஐந்தாம் நாள் முளைக்கும் என்று உங்கள் கட்டுரையில் இருந்தது. அதை நான் மசியால் பதினைந்து என்று திருத்தி வைத்திருக்கிறேன். அவள் கடிதம் போட்டுக் கேட்டால், பதினைந்துதான் என்று சொல்லிவிடவும்.