காதில் இலை, கையில் கோப்பை

வெளிநாடு போய்ச் சீட்டாட்டப் போட்டியில் கோப்பை ஜெயித்தவன் நான். இதைச் சொன்னதும் எந்த நாடு என்று கேட்கிறார்கள். தென்காசியில் கொல்லம் ரயிலைப் பிடித்து, செங்கோட்டை, பகவதிபுரம் தாண்டி, நீளமான குகை ஒன்றைக் கடந்தால் வருகிற நாடு. (கேரளாதான். பாஸ்போர்ட் கேட்க மாட்டார்கள்.) அதை வெளிநாடு என்று முதலில் முடிவு செய்தது நானில்லை, என் தாய்மாமா.

மாமா தென்காசியில் அரிசிக்கடை வைத்திருந்தார். சொன்ன சொல் மாறாதவர் என்று பஜாரில் பெயர். சீட்டு என்றால் மட்டும் தன்னை மறந்துவிடுவார். ஒரு சீசனில் அத்தையைக் குற்றாலம் மெயின் அருவியில் பெண்கள் பக்கம் விட்டுவிட்டு, "ஒரு கை போட்டுட்டு வந்திருதேன்" என்று லாட்ஜுக்குப் போனார். அத்தை குளித்து, துவட்டி, காய்ந்து, பொழுது போகாமல் மறுபடி குளித்து, இரண்டாம் முறையும் காய்ந்து முடித்த பிறகுதான் மாமா திரும்பினார். அத்தை அவரை அப்படியே குற்றாலநாதர் சன்னிதிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "தமிழ்நாட்டு மண்ணுல இனிமே சீட்டைத் தொடமாட்டேன்" என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். அத்தை மனம் குளிர்ந்து தேங்காய் உடைத்தாள். தமிழ்நாடு எங்கே முடிகிறது என்று அவள் யோசிக்கவில்லை. மாமா யோசித்திருந்தார்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு ஞாயிறு ஆரியங்காவு சாஸ்தாவைக் கும்பிடப் போகிறேன் என்று கிளம்புவார். (கும்பிடவும் செய்வார். ரயில் அங்கே நிற்கும்போது, ஜன்னல் வழியாக.) அப்புறம் நேரே புனலூர். அங்கே ஒரு வாசகசாலையில் இருபத்தெட்டு ஆடுவார்கள். எதிரெதிரே உட்காரும் இரண்டு பேர் ஒரு கட்சி. மொத்தப் புள்ளி இருபத்தெட்டு; அதில் எத்தனை எடுப்போம் என்று ஏலம் கேட்க வேண்டும். கேட்டதை எடுக்காவிட்டால் தோல்வி. தோற்ற கட்சி காதில் குணுக்கு மாட்டிக்கொள்ள வேண்டும். பலா இலையைத் தோடு மாதிரித் தொங்கவிடுவதுதான் குணுக்கு. ஓர் ஆட்டம் ஜெயித்தால்தான் அதைக் கழற்றலாம். எல்லோரும் வாசகசாலையில் இருந்த புத்தகங்களைவிட இந்த விதியைத்தான் அதிகம் மதித்தார்கள்.

எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ, ஓணத்துக்கு அங்கே ஒரு போட்டி வைத்தார்கள். மாமாவின் வழக்கமான கூட்டாளி ஐந்தருவியில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டதால், என்னைக் கூப்பிட்டார். எனக்கு வயது இருபத்துநான்கு. கூட்டுறவுப் பண்டகசாலையில் குமாஸ்தா. மாமா மகள் வடிவை நான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டது ஊருக்கே தெரியும். மாமாவுக்கும் தெரியும், தெரியாதது போல இருந்தார். ஏனென்றால் பாவூர்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருந்த ஒருவர், பம்பாயில் வேலை பார்க்கும் தன் மகனுக்கு வடிவைக் கேட்டிருந்தார். திங்கட்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. போட்டி ஞாயிற்றுக்கிழமை. அந்த ஒரு நாளில் மாமா மனதில் இடம் பிடித்தாக வேண்டும்.

"ஏலே, நீ வாயைத் தொறக்காத. நான் கேட்ட ஏலத்துக்குப் புள்ளியைப் போடு. அது போதும்" என்றார் மாமா.

அதைத்தான் செய்தேன். மாமாவின் சீட்டு ஜெயிக்கும்போதெல்லாம் என் கையிலிருந்த புள்ளிச் சீட்டை அதில் போட்டேன். கோயில் உண்டியலில் காசு போடுவதற்கு எவ்வளவு மூளை வேண்டுமோ அவ்வளவுதான் இதற்கும் வேண்டும். கடைசி ஆட்டத்தில் ஒரு பள்ளிக்கூட மாஷும் (வாத்தியாரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) அவர் மைத்துனர் குட்டப்பனும் எங்களிடம் தோற்றார்கள். மலையாளத்தில் ஏதோ எழுதிய பித்தளைக் கோப்பையை மாமா கையில் கொடுத்தார்கள்.

திரும்பும் ரயிலில் மாமா வெகுநேரம் கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தென்மலை தாண்டியதும் மெதுவாகச் சொன்னார்: "நாளைக்கு அந்த பாவூர்சத்திரத்துக்காரங்களை வர வேண்டாம்னு சொல்லிருவமாலே?"

அத்தோடு நான் பேசாமல் ஜன்னலைப் பார்த்திருக்கலாம். மனிதனுக்குத் தலைக்கனம் வந்தால் வாய் சும்மா இருக்காது. ஆரியங்காவில் இறங்க வேண்டிய மாஷும் குட்டப்பனும் குணுக்கோடு அதே பெட்டியில் இருந்தார்கள். "மாஷே, ஒரு ஆட்டம் போடுவோமா?" என்று நானே கூப்பிட்டேன். கையில் இரண்டு ஜாக்கி வந்ததும் இருபத்தைந்து கேட்டேன். இந்த ஆட்டத்தில் ஜாக்கிதான் பெரிய சீட்டு, ஒன்றுக்கு மூன்று புள்ளி. இருபத்தைந்து கேட்க வேண்டுமென்றால் மற்ற இரண்டு ஜாக்கியும் மாமாவிடம் இருக்க வேண்டும். அவை மாஷிடம் ஒன்றும் குட்டப்பனிடம் ஒன்றுமாக இருந்தன.

ஜெயித்ததும் தன் காதிலும் மாஷின் காதிலும் தொங்கிய நாலு பலா இலையையும் கழற்றினார் குட்டப்பன். (வாசகசாலையில் எங்களிடம் தோற்று மாட்டிக்கொண்டவை. விதிப்படி அதுவரை கழற்றவில்லை.) எங்கள் காதுகளில் மரியாதையாக மாட்டிவிட்டார். ரயில் ஆரியங்காவில் நின்றது. "இன்னொரு ஆட்டம்" என்றார் மாமா. "அடுத்த மாசம்" என்று சொல்லி இருவரும் இறங்கிப் போனார்கள். ரயில் குகைக்குள் நுழைந்து தமிழ்நாட்டுக்குள் வந்துவிட்டது.

நிலைமை இதுதான். ஜெயிக்காமல் குணுக்கைக் கழற்றக் கூடாது. தமிழ்நாட்டு மண்ணில் சீட்டைத் தொடக் கூடாது.

"மாமா, கழட்டிருவோம். யாரு பாக்கா?" என்றேன்.

"கற்பூரம் அணைச்சதுக்கும் யாரு பாத்தான்னு கேப்பியோ?" என்றார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. வடிவைப் பற்றிய பேச்சும் குகையோடு போயிற்று. அழுகை வந்தது. காதில் இலையோடு அழுதால் பார்க்க நன்றாக இருக்காது என்று அடக்கிக்கொண்டேன்.

தென்காசி ஸ்டேஷனிலிருந்து வீடு வரை நடந்தோம். "என்ன அண்ணாச்சி, காதுல?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் மாமா, "நேத்திக்கடன்" என்றார். ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். இன்னொருவர் பிரசாதம் கேட்டார்.

வீட்டில் பாவூர்சத்திரம் மண்டிக்காரரும் அவர் மனைவியும் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மறுநாள் அவருக்குச் சந்திராஷ்டமமாம். அதனால் முந்தின நாளே வந்துவிட்டார்கள். மாமா கைகூப்பினார். இலைகள் ஆடின. அத்தை தட்டைக் கீழே வைத்தாள்.

"சாஸ்தா கோயில்ல குடுத்தாங்க" என்று மாமா கோப்பையை ஓரமாக வைத்தார்.

மண்டிக்காரர் முப்பது வருஷமாகக் கேரளாவுக்கு லோடு அனுப்புகிறவர். கோப்பையை எடுத்து, மலையாளத்தைச் சரளமாக வாசித்து, அத்தைக்காகத் தமிழிலும் சொன்னார்: "இருபத்தெட்டு ஆட்டம். முதல் பரிசு." பிறகு மாமாவைப் பார்த்தார். "கப்பும் வாங்கிருக்கிய, குணுக்கும் போட்டுருக்கிய. எப்படி?"

மாமா குற்றாலத்துச் சத்தியம் முதல் என் இருபத்தைந்து வரை எல்லாவற்றையும் சொன்னார். அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். மண்டிக்காரர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எங்க மண்டியில எழுதிக் குடுத்த வாக்கே நிக்க மாட்டேங்குது. நீங்க ஒரு இலைக்கு இம்புட்டு நேர்மையா இருக்கிய. சம்பந்தம் பண்ணா உங்ககிட்டதான் பண்ணணும்."

என் இருபத்தைந்து, பம்பாய் மாப்பிள்ளைக்குக் கல்யாணம் முடித்து வைத்துவிட்டது. நான் வாசலில் நின்றபடி இலையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

அப்போது காப்பி கொண்டுவந்த வடிவு, தம்ளர்களை வைத்துவிட்டுப் பீரோவைத் திறந்தாள். சத்தியம் செய்த நாளில் அத்தை பறிமுதல் செய்து பூட்டிய சீட்டுக்கட்டை எடுத்தாள். கூடத்து நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கட்டைப் பிரித்து, ஒற்றைக் கையால் கலைத்தாள். அந்தக் கலைப்பு ஒரு நாளில் வருவதில்லை.

"சத்தியம் பண்ணுனது அப்பாதான. நாம ஆடலாம்லா? ரெண்டு பேர் ஆடுத ஆட்டம் எனக்குத் தெரியும். வாங்க அத்தான், வந்து கழட்டிக்கிடுங்க."

மண்டிக்காரரின் மனைவி எழுந்தார். "நாங்க யோசிச்சுச் சொல்லுதோம்" என்றார். மண்டிக்காரர், "இந்த ஒரு கையைப் பாத்துட்டுப் போவோமே" என்று இழுத்துப் பார்த்தார். நடக்கவில்லை. அவர்கள் யோசித்துச் சொல்லவே இல்லை.

அந்த ஆட்டத்தில் வடிவு என்னைத் தோற்கடித்தாள். என் மானம் கப்பலேறிய நாளில் அவளாவது விட்டுக்கொடுத்திருக்கலாம். "ஏட்டி, அன்னைக்கு என்னை ஜெயிக்க விட்டா என்ன?" என்று எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு கேட்டேன்.

"ஜெயிச்சிருந்தா கழட்டிப் போட்டுட்டு உங்க வீட்டுக்குப் போயிருப்பிய" என்றாள்.

மாமாவை மறுநாள் முதல் ரயிலில் அத்தையே ஆரியங்காவுக்குக் கூட்டிப்போனாள். மாஷை வீட்டிலிருந்து வரவழைத்து, மாமா ஜெயிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்து, காதைச் சுத்தமாக்கிக் கூட்டிவந்தாள்.

எனக்கு அந்த வசதி இல்லை. வடிவிடம் இந்த நாற்பது வருஷத்தில் ஓர் ஆட்டம்கூட நான் ஜெயித்ததில்லை. வீட்டில் நான் எதற்காவது சத்தம் போட்டால் அவள் பதில் பேசமாட்டாள். காது மடலை மெல்லத் தொட்டுக்கொள்வாள். மருமகளும் அதைப் பழகிக்கொண்டுவிட்டாள். விதிப்படி பார்த்தால் குணுக்கு இன்னும் என் காதில்தான் இருக்கிறது. கழற்ற எனக்கு ஒன்றும் அவசரமில்லை.