தவமணியின் குரல் டிவிக்குள் போன விவரம்

சிம்பாங் பூலாய்,
சித்திரை பிறந்த மறுவாரம், 1986.

பெருமதிப்புக்குரிய மச்சான் பத்துமலை அவர்களுக்கு,

உங்கள் தங்கை மங்களத்தின் கணவன் ஐயாவு கைகூப்பி எழுதுவது. தெலுக் இந்தானில் நீங்களும் அக்காவும் உங்கள் மகன் ராஜுவும் ஆத்தா அருளால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம், உங்கள் மருமகளான எங்கள் மகள் தவமணியின் தொண்டையைத் தவிர. அதுவும் இப்போது சரியாகிவிட்டது. ஆனால் சரியான விதத்தைச் சொன்னால் நான் குடித்துவிட்டு எழுதுகிறேன் என்று நினைப்பீர்கள். தைப்பூசத்துக்கு மாலை போட்டதிலிருந்து நான் தொடவில்லை, மச்சான்.

வாரம் முழுக்கக் கல் லாரி ஓட்டுகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு படம் பார்க்கலாமே என்று வீடியோ பெட்டி வாங்கியதுதான் ஆரம்பம். ஈப்போவில் டேப் வாடகைக்கு விடும் கடையிலிருந்து ஜெயபாலன் என்கிற இளைஞன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து தருவான். ஒரு வாரம், "தமிழ்ப் படமெல்லாம் எடுத்துட்டுப் போயிட்டாங்க அண்ணே. இது ஜப்பான் பொம்மைப் படம். மந்திரம் படிக்கிற பள்ளிக்கூடத்துக் கதை, சும்மா பாருங்கலா" என்று ஒன்றைக் கொடுத்தான். மலை உச்சியில் கோட்டை மாதிரி ஒரு பள்ளிக்கூடம். அதில் சிவப்பு முடிக்காரி ஒருத்தி கையை வீசினால் நெருப்பு வரும், ஒருத்தன் வாளால் தடுப்பான், அப்புறம் இரண்டு பேரும் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொள்வார்கள். பாஷை புரியாததால் தவமணி சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு அந்தப் பெண்ணுக்குத் தமிழில் பேச ஆரம்பித்தாள். ஜெயபாலன் அந்தப் பையனுக்குப் பேசினான். பக்கத்து வீட்டு ஜனமெல்லாம் வந்து சிரித்தது. நானும் வெள்ளந்தியாகச் சிரித்தேன். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் இதே கூத்துத்தான்.

நீங்கள் பழத்தட்டோடு வந்து, ராஜுவுக்குத் தவமணியைப் பேசி முடித்துவிட்டுப் போனீர்கள் அல்லவா, மறுநாள் காலையில் அவளுக்குப் பேச்சு நின்றுவிட்டது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், வாய் திறக்க மாட்டாள். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, தொண்டையில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்.

அந்த ஞாயிறு மத்தியானம், பெண் கொஞ்சம் சிரிக்கட்டும் என்று மங்களம் அந்த டேப்பைப் போட்டாள். சத்தம் வைக்கவில்லை. தவமணி என் பக்கத்தில் உட்கார்ந்து பயித்தங்காய் ஒடித்துக்கொண்டிருந்தாள். படத்தில் சிவப்பு முடிக்காரி ஒரு ஜன்னலருகே வந்து நின்று எங்களையே பார்த்தாள். பிறகு தமிழில் பேசினாள், மச்சான். தவமணியின் குரல்.

"அம்மா, கதவைத் தொறங்க. இங்க ரொம்பக் குளிருது."

நான் தவமணியின் வாயைப் பார்த்தேன். அது மூடியிருந்தது. கையில் பாதி ஒடித்த காயோடு அவளும் டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய் வயரைப் பிடுங்கினேன். படம் போனது. கறுத்துப்போன கண்ணாடிக்குள்ளிருந்து, "ஏம்ப்பா?" என்று கேட்டது.

மங்களம் கோயில் பூசாரியை அழைத்துவந்தாள். அவர் உடுக்கையை அடித்துக் கைநிறையத் திருநீற்றை அள்ளி டிவிமேல் வீசினார். "சாமி, கண்ணுல விழுதுலா" என்றது உள்ளேயிருந்து. அவர் உடுக்கையைப் போட்டுவிட்டுப் பஸ் ஏறிவிட்டார். இன்றுவரை அதைக் கேட்டு ஆள் வரவில்லை.

கடைசியில் ஜெயபாலன் வந்தான். விவரம் கேட்டும் அவன் கொஞ்சம்கூடப் பயப்படவில்லை. நல்ல தைரியசாலி. டேப்பைப் போட்டான். படத்தில் தாடிக்காரத் தலைமையாசிரியர் அந்தப் பெண்ணைக் கோபுரத்தில் அடைத்திருந்தார். ஜெயபாலன் மங்களத்தின் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு எதிரே நின்றான். "பெருசு, அந்தப் புள்ளையோட கொரலைக் குடுத்துடுங்க. மரியாதையா கேக்குறேன்." படத்துப் பையனின் உதடும் அதே மாதிரி அசைந்தது. அவன் வாளை வீச, இவன் விளக்குமாற்றை வீச, மேலே சுற்றிக்கொண்டிருந்த காற்றாடி நின்றது. அலமாரியில் இருந்த கிளாஸெல்லாம் யாரும் தொடாமல் ஒவ்வொன்றாக விரிசல் விட்டன. ஜன்னலில் நின்ற ஜனம் சிரிக்கவில்லை. ஜெயபாலனுக்கே முகம் வெளுத்துவிட்டது. அவன் டிவியை விட்டுத் திரும்பித் தவமணியைப் பார்த்தான்.

"தவா, என்னைக் கட்டிக்கிறியா இல்லியா, இப்பவே சொல்லிடு."

படம் தானாக நின்றது. தவமணி எழுந்தாள். "சரிலா. மொதல்ல வெளக்கமாத்தைக் கீழ வையி" என்றாள். மங்களம் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும்தான்.

ஆகவே மச்சான், குரல் எந்தச் சொல்லோடு திரும்பியதோ அந்தச் சொல்லை எப்படி மாற்றச் சொல்வது? மறுபடியும் போய்விட்டால் நான் எங்கே தேடுவேன்? அந்தப் பையன் இப்போதே என்னை அண்ணே என்பதை விட்டுவிட்டு மாமா என்கிறான். பழத்தட்டோடு நானே நேரில் வருகிறேன். ஆத்திரமிருந்தால் நாலு அறை அறையுங்கள். தங்கையோடு மட்டும் பேச்சை நிறுத்திவிடாதீர்கள். ஒரு வீட்டில் ஒரு தடவை பேச்சு நின்றது போதும்.

ராஜுவுக்கு மனதுக்கு ஏற்ற பெண் சீக்கிரம் அமைய என் ஆசி. அக்காவுக்கு மங்களத்தின் அன்பு.

தங்கள் கோபத்துக்குத் தலைகுனியும்,
ஐயாவு.

பின்குறிப்பு: மாமா, இது தவமணி. உறையில் விலாசம் எழுத அப்பா என்னிடம் கொடுத்தார். என் குரல் எங்கேயும் போகவில்லை. ராஜு மச்சானைக் கட்டிக்கொள்ள மனமில்லாமல் நானேதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மன்னித்துவிடுங்கள். ஜெயபாலனுக்கும் இது தெரியும். டிவியில் பேசியதும் நான்தான் என்று அவர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் இல்லை, மாமா. நேற்றுக் காலையில் வீட்டில் யாரும் இல்லாதபோது அந்த டிவி என் குரலிலேயே என்னைக் கூப்பிட்டு, ஜெயபாலனை எப்போது உள்ளே அனுப்பப்போகிறாய் என்று கேட்டது.