ஒற்றைத் துடுப்பன் சாகமாட்டான்

இந்த வீட்டிலிருந்து ஒரு கொசுகூட அந்தப் படத்துக்குப் போகக் கூடாது என்று இஸ்திரிக்காரர் சபதம் எடுத்தார். அப்போது அவர் கையில் இஸ்திரிப் பெட்டி கொதித்துக்கொண்டிருந்தது. ஆகவே அது மிகவும் சூடான சபதம். சொல்லி முடிப்பதற்குள் ஹெட்மாஸ்டரின் காற்சட்டையில் முக்கோணமாக ஒரு ஜன்னல் திறந்துவிட்டது.

"முதல்ல பெட்டியைத் தூக்குங்க. அப்புறமா சபதம் பண்ணலாம்," என்றாள் மனைவி.

"சாம்பலாறு கதையைப் படமா எடுத்திருக்கானுங்களாம்டி! ஏழு பாகம். ஒவ்வொண்ணும் செங்கல் கனம். ஏழு கம்பளியை ஒரு தலையணை உறைக்குள்ள திணிச்சா எப்படி இருக்கும்? அதுதான் இந்தப் படம்!"

"சரிங்க."

"என்ன சரி?"

"போக வேண்டாம். நீங்களும் போகாதீங்க, நானும் போகலை."

இஸ்திரிக்காரருக்கு வாய் பிளந்துகொண்டது. வீடு பற்றி எரிகிறது, ஓடு என்றால்கூட, 'எங்கே, காட்டுங்க' என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பு தேடுகிற ரகம் அவள். முதல் தடவையிலேயே சரி என்று சொன்னது கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல். புத்தியுள்ள எந்தப் புருஷனும் அந்த இடத்திலேயே சந்தேகப்பட்டிருப்பான். இவரோ ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார்.

அவர்கள் இருவருக்கும் அந்தக் கதை வெறும் கதை இல்லை. கடையும் வீட்டு முன்னறையும் ஒன்றுதான். சாயங்காலம் ஆனால் அவர் மேஜைக்கு முன்னால் நின்று தேய்ப்பார். அவள் அழுக்குத் துணி மூட்டைமேல் ராணி மாதிரி உட்கார்ந்து சத்தமாகப் படிப்பாள். அவருடைய கண் துணியில், காது கதையில். அவருக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை. ஆனால் முதல் பாகத்தை ஒருநாள் ஈரக் கையோடு தொட்டு, பதினோராம் பக்கத்தில் தன் கட்டைவிரலை அச்சடித்துவிட்டார். அன்றோடு புத்தகத்தைத் தொட அவருக்குத் தடை. வீட்டுச் சட்டம். மேல்முறையீடு கிடையாது.

அந்த நாளில் கடையில் இரண்டு மேஜைகள் இருந்தன. இரண்டாவது மேஜையில் அவருடைய அண்ணன் தேய்த்துக்கொண்டிருந்தார். நிதானமான மனிதர். பட்டுத்துணி கருகினாலும் சரி, கூரை ஒழுகினாலும் சரி, இருக்கிற ஒரே பதில், "பார்த்துக்கலாம் விடு." அந்தக் குரலைக் கேட்டால் கருகின பட்டுகூடக் கொஞ்சம் தேறினாற்போல் இருக்கும்.

மூன்றாம் பாகம் பாதியில் நிற்கும்போது, மழைக்காலத் தொடக்கத்தில், அண்ணன் ஒரேயடியாகப் போய்விட்டார்.

கொஞ்ச நாள் படிப்பு நின்றது. அப்புறம் ஒரு சாயங்காலம், ஏற்கெனவே தேய்த்த சட்டையையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டு நின்றவர், "மேல படி," என்றார். அவள் பாகத்தின் கடைசிவரை ஒரு தரம் புரட்டினாள். பார்த்தாள். இருமினாள். "தண்ணி குடிச்சுட்டு வந்துடறேன்," என்று உள்ளே போனவள், ஒரு கிணற்றையே குடிக்கிற நேரம் கழித்து வந்தாள். மூக்கு சிவந்திருந்தது. உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள்.

அன்றிலிருந்து கதையில் ஓர் அதிசயம் நடந்தது. ஒற்றைத் துடுப்பன் என்று ஒரு படகோட்டி. சாம்பலாற்றில் ஒரே துடுப்பால் ஆட்களை அக்கரை சேர்க்கிறவன். அதுவரை ஒன்றிரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவன். திடீரென்று அவன் பேச ஆரம்பித்தான். படகு கவிழட்டும், பூதம் வரட்டும், ராணியின் தலைக்கே கத்தி வரட்டும், அவன் சொல்வது ஒன்றுதான்: "பார்த்துக்கலாம் விடு."

இஸ்திரிப் பெட்டி நடுவழியில் நின்றுவிடும். "அடியே, இதை எழுதினவன் எங்க அண்ணனை எங்கேயோ பார்த்திருக்கான்!"

"பார்த்திருப்பாரு, பார்த்திருப்பாரு. காலர் சுருங்குது, கவனிங்க."

எதிர்க்கடைத் தையல்காரர் ஏழு பாகத்தையும் தானே படித்தவர். பேச ஆள் கிடைக்காமல் தவிக்கிற ரசிகர். "அண்ணே, அந்த மூணாம் பாகக் கடைசி இருக்கே…" என்று ஆரம்பிப்பார். உடனே உள்ளேயிருந்து அவள் குரல் வரும். "தம்பி, உங்க மிஷின்மேல பூனை!" அவர் ஓடுவார். இத்தனை வருஷத்தில் அந்தப் பூனையை யாரும் பார்த்ததில்லை.

சபதம் ஆறிப்போனதற்கும் தையல்காரர்தான் காரணம். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. துணி காயவில்லை, ஆகவே தேய்க்கவும் ஒன்றும் இல்லை. காலியாக நின்ற இரண்டாவது மேஜையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார் இஸ்திரிக்காரர். தையல்காரர் குடையோடு வந்தார்.

"படம் வந்துடுச்சுண்ணே. தலைமுடி நிறம் தப்பு, கோட்டை வாசல் தப்பு. ஆனா அந்தப் படகோட்டி நடிகர் குரல் இருக்கே! கரகரன்னு, நிதானமா… உங்க அண்ணன் பேசற மாதிரியே இருக்கு."

"தம்பி, பூனை!"

தையல்காரர் ஓடிவிட்டார். ஆனால் குரல் உள்ளே போய்விட்டது.

இஸ்திரிக்காரருக்கு ஒரு ரகசியப் பயம் இருந்தது. அண்ணனின் முகம் ஞாபகத்தில் இருக்கிறது. குரல்தான் நழுவிக்கொண்டே வருகிறது. அந்த வார்த்தையை நினைத்தால், இப்போதெல்லாம் மனைவியின் குரலில்தான் கேட்கிறது. ஒரே ஒரு தடவை, ஓர் ஆண்குரலில், பெரிய திரையில், நாலு பக்கமும் ஒலிக்க அதைக் கேட்டுவிட்டால்?

மறுநாள் மத்தியானம் தொண்டையைச் செருமினார். "ஹோட்டல்ல திரைச்சீலை எடுத்துட்டு வரச் சொன்னாங்க. திரை விஷயம். நேரமாகும்."

"போயிட்டு வாங்க. நானும் அக்கா வீடு வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

தியேட்டரில் ரசிகர்கள் அட்டைத் துடுப்போடு வந்திருந்தார்கள். விளக்கு அணைவதற்கு முன்பே பாதிப் பேர் சண்டைக்குத் தயாராக இருந்தார்கள். ஏழு பாகமும் இல்லை, முதல் மூன்று பாகங்களை மட்டும் ஒரே படமாகப் பிழிந்திருந்தார்கள். "பாலம் எங்கே?" என்று ஒருவன் முனகினான். "ராணிக்கு மச்சம் எங்கே?" என்று இன்னொருவன் அழுதான். பக்கத்து நாற்காலிப் பெண் எழுத்துப் போடும்போதே கைக்குட்டையை நனைத்துவிட்டாள். துக்க வீட்டுக்குத் தாமதமாக வந்தவர் மாதிரி, இஸ்திரிக்காரர் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்தார்.

படகோட்டி வந்தான். குரல் கரகரப்புத்தான். கோட்டை எரிந்தது. சொல்லுவான் என்று காத்தார். முறைத்தான், சொல்லவில்லை. பூதம் வந்தது. நாற்காலி நுனிக்கு வந்தார். அப்போதும் சொல்லவில்லை. கடைசியில் ஆறு பொங்கியது. குழந்தையைக் கரையில் தள்ளிவிட்டுப் படகோட்டி திரும்பினான். துடுப்பு முறிந்தது. சாம்பல் அவனை விழுங்கியது. வயலின் அழுதது.

புத்தகத்தில் இருக்கிற மாதிரியே எடுத்திருக்கிறார்கள் என்று தியேட்டர் முழுக்கத் திருப்தியாக அழுதது.

இஸ்திரிக்காரர் எழுந்து நின்றுவிட்டார். "யோவ்! நிறுத்துங்கய்யா! அவன் சாகமாட்டான்! நீந்தி வருவான், கொஞ்சம் பொறுங்க!"

"உட்காருய்யா பெரிசு!" என்றது கூட்டம். பின்னால் யாரோ இருமினார்கள்.

வெளியே வந்ததும் பக்கத்து நாற்காலிப் பெண்ணைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, கதையை இப்படி மாத்திட்டானுங்களே. உனக்குக் கோபம் வரலையா?"

"மாத்தலையே அங்கிள். மூணாம் பாகத்துல செத்துடுவாரே! நீங்க படிக்கலையா?"

"ஏழு பாகமும் கேட்டிருக்கேன்! ஏழாம் பாகத்துல ராணி கல்யாணத்துக்குப் பந்தல் போடறதே அவன்தானே!"

"ராணிக்குக் கல்யாணமே ஆகாதே, அங்கிள்."

"அப்போ… 'பார்த்துக்கலாம் விடு'?"

"அப்படி யார் சொன்னாங்க?"

அந்தப் பெண் அவரை இரக்கத்தோடு பார்த்து, தன் அட்டைத் துடுப்பை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

மழையில் நடந்தார். அண்ணன் இரண்டாவது தடவை போய்விட்டார். இந்தத் தடவை டிக்கெட் வாங்கிப் பார்த்தாயிற்று. பாதி வழியில் கோபம் வந்தது. நாலு பாகம்! நாலு செங்கல் பொய்! நீச்சல், பந்தல், கல்யாணம், எல்லாம் துணி மூட்டைமேல் உட்கார்ந்து வாய்க்கு வந்தபடி அளந்தது! முக்கால் வழியில் அந்த இருமல் ஞாபகம் வந்தது. கிணற்றைக் குடித்துவிட்டு வந்த அந்தச் சிவந்த மூக்கும். அட்டைத் துடுப்பு ஊறி, நொய்ந்து, கையிலேயே இரண்டாக மடிந்தது. தெருமுனைத் தொட்டியில் போட்டுவிட்டு, கண்ணையும் முகத்தையும் மழைமேல் பழிபோட்டுத் துடைத்துக்கொண்டார்.

வீட்டில் அவள் முன்பே வந்திருந்தாள். குடை மூலையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"திரைச்சீலை எங்கே?"

"அது… திரை சரியில்லை. வேண்டாம்னுட்டேன். அக்கா எப்படி இருக்கா?"

"இருக்கா."

இஸ்திரிக்காரர் பெட்டியைச் சூடு போட்டார். ஒரு சட்டையை விரித்தார். பிறகு, உலகத்திலேயே தந்திரமான குரலில், "இன்னைக்கு மூணாம் பாகக் கடைசி படியேன்," என்றார்.

அவள் அவரை ஒரு தரம் பார்த்தாள். புத்தகத்தை எடுத்தாள். இருமினாள். தண்ணீர் குடிக்கப் போகவில்லை.

"துடுப்பு முறிஞ்சது. சாம்பல் கழுத்துவரைக்கும் வந்தது…" அவர் பூனை நடையில் அவளுக்குப் பின்னால் போய் நின்று எட்டிப் பார்த்தார். பக்கத்தின் கடைசி வரியில், 'அதன்பின் அவனை யாரும் பார்க்கவில்லை' என்று அச்சாகியிருந்தது. அவள் விரல் சரியாக அந்த வரியின்மேல் இருந்தது. அவள் வாயோ, "கரையில எல்லாரும் அலறினாங்க. அவன் தலையைத் தூக்கி, சாம்பலைத் துப்பிட்டு, பார்த்துக்கலாம் விடுன்னான். நீந்த ஆரம்பிச்சான்," என்றது.

திரும்பி வந்து மேஜை முன்னால் நின்றார். சட்டை மங்கலாகத் தெரிந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒரு சின்னக் கர்வம். அவளுடைய ரகசியம் இவருக்குத் தெரியும். இவருக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. இனி சாகும்வரை மூச்சு விடமாட்டார். கல்யாணம் ஆனதிலிருந்து முதல் வெற்றி.

"நல்லா எழுதியிருக்கான் அந்த ஆள்," என்றார்.

"ஆமாங்க." அவள் புத்தகத்தை மூடி வைத்தாள். "அடுத்த தடவை தியேட்டர்ல கத்தணும்னா, கொஞ்சம் குனிஞ்சு நின்னு கத்துங்க. பின்வரிசையில இருந்த எனக்கு, அவர் செத்ததே தெரியலை."