வாஷிங் மெஷினும் வெள்ளிக்கிழமை வகுப்பும்

இந்தத் தடவை ஜெயித்தே தீருவது என்று முடிவு கட்டிவிட்டேன். கல்யாணமாகிப் பதினாறு வருஷம். ஒரே ஒரு முறையாவது ஒரு மனுஷன் தன் வீட்டில் "வேண்டாம்" என்று சொல்லி, அது வேண்டாமாகவே நின்றுவிடக் கூடாதா?

விவகாரம் வாஷிங் மெஷின். பழசு செத்துவிட்டது. மூன்று முறை அதைப் பிழைக்க வைத்த மெக்கானிக்கே கையை விரித்துவிட்டார். மனைவி புதுசு கேட்டாள். நேருக்கு நேர் மறுக்கும் தைரியம் எனக்குக் கிடையாது. ஆனால் மூளை இருக்கிறதே!

நான் வெள்ளிக்கிழமை சாயந்திரங்களில் நூலக மாடியில் பெரியவர்களுக்குப் பாடம் நடத்துகிறவன். உலகமயமாதலால் சுற்றுச்சூழலுக்கு என்னென்ன கேடு என்பதுதான் பாடம். மாணவர்கள் எட்டுப் பேர். தையல்கடைக்கார அம்மா, பஸ் டிரைவர் என்று எல்லாரும் நாற்பதைத் தாண்டியவர்கள். அதில் இரண்டு பேர் தூங்குவதற்கென்றே வருகிறவர்கள். அத்தனை பேர் முன்னால் பாடம் கேட்டால் இவள் கூசிப்போய் மெஷினை மறந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன்.

"இந்த வெள்ளிக்கிழமை என் கிளாசுக்கு வாயேன்."

"எதுக்கு? வீட்டுல கேக்குற லெக்சர் பத்தாதா?"

"வாஷிங் மெஷினைப் பத்தின பாடம்."

"அப்ப வரேன்."

வந்தாள். முதல் வரிசையில் உட்கார்ந்தாள். கையில் புது நோட்டு வேறு.

நான் வெளுத்துக் கட்டினேன். ஒரு மெஷினுக்கு இரும்பைத் தோண்டுவது ஒரு நாட்டில், மோட்டார் செய்வது இன்னொரு நாட்டில், பிளாஸ்டிக் மூன்றாவதில், எல்லாவற்றையும் பொருத்துவது நாலாவதில். அப்புறம் கப்பல். அது கக்கும் புகை. நாம் தூக்கிப் போடும் பழசு போய்ச் சேர்வதோ கண்காணாத ஏதோ ஏழை ஊரின் குப்பைமேட்டில். "இதெல்லாம் விலைச் சீட்டில் எழுதியிருக்காது!" என்று மேசையைத் தட்டினேன். தூங்கிக்கொண்டிருந்த இருவரும் பதறி எழுந்தார்கள்.

தையல்கடைக்கார அம்மா மட்டும் விறுவிறுவென்று வந்து என் சட்டைக் காலரைத் திருப்பி லேபிளைப் பார்த்தார்.

"சார், இதுவும் கப்பல்ல வந்ததுதான்."

வகுப்பே சிரித்தது. என் மனைவி சிரிக்கவில்லை. கை தூக்கினாள்.

"சார், ஒரு சந்தேகம்."

சாரா! பதினாறு வருஷத்தில் முதல் சார். நான் உருகிப்போனேன். "கேளும்மா."

"நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி. மெஷின் வேண்டாம். ஆனா துணி அழுக்காகுதே?"

"கையால துவைச்சுக்க வேண்டியதுதான்."

"யார் கையால, சார்?"

"அது... வந்து..."

"பாடம் நடத்துறவர்தான் செஞ்சு காட்டணும்," என்றார் பஸ் டிரைவர். "எனக்கு வண்டி ஓட்டக் கத்துக் கொடுத்தவர் வாயாலயா ஓட்டிக் காட்டினார்?"

கைதட்டல். இனி வீட்டுத் துணியை நான்தான் துவைக்க வேண்டுமா என்று உடனே ஓட்டெடுப்பு. எட்டுக்கு எட்டு. என் மனைவி மட்டும் நடுநிலை வகித்தாள். என்ன பெருந்தன்மை!

மறுநாளே ஆரம்பம். குளியலறையில் வாளி, சோப்பு, நான். நனைந்த ஜீன்ஸ் ஒரு ஆள் கனம் கனக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. போர்வையை நான் பிழிந்தேனா, போர்வை என்னைப் பிழிந்ததா என்று இன்னும் சந்தேகமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாணவர்கள் களப்பயணம் என்று கிளம்பி வந்து, குளியலறை வாசலில் நின்று குறிப்பெடுத்தார்கள். "காலர்ல அழுக்கு இன்னும் போகலை, சார்," என்றார் தையல்கடைக்கார அம்மா.

மனைவிக்கோ பூமியின் மேல் திடீர்ப் பாசம். ஜன்னல் திரைகளையெல்லாம் கழற்றிக் கொண்டுவந்து போட்டாள்.

"திரை சுத்தமாத்தானே இருக்கு?"

"புகை படிஞ்சிருக்குங்க. நீங்க சொன்ன கப்பல் புகையா இருக்கும்."

முதுகு நிமிர மறுத்தது. விரல்களெல்லாம் ஊறிச் சுருங்கிவிட்டன. அழுகையே வந்துவிட்டது. பன்னிரண்டாம் நாள், பூமி என்னை மன்னிக்கட்டும் என்று, அவளுக்குத் தெரியாமல் கடைக்கு ஓடினேன்.

"எத்தனை கப்பல் ஏறி வந்திருந்தாலும் பரவாயில்லை. ஒரு மெஷின் இன்னிக்கே வீட்டுக்கு வரணும்!"

கடைக்காரர் நிதானமாக மூலையைக் காட்டினார். அங்கே ஒரு மெஷின் மேல் என் பெயர் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது.

"மேடம் உங்க கிளாசுக்கு வர்ற வழியிலேயே இதை எடுத்து வைக்கச் சொல்லிட்டாங்க, சார். பதினஞ்சு நாள்ல நீங்களே வந்து கேப்பீங்கன்னாங்க, மூணு நாள் முந்திட்டீங்க."