தோற்பதற்காகப் போட்ட படம்

முதல் கிறுக்கலுக்கே தாலி கட்டிவிடும் இயந்திர வடிவமைப்பாளர் என்றோர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். டீ ஆறுவதற்குள் யோசனை பிறந்துவிடும். சாயங்காலத்துக்குள் அதற்குக் கணினியில் உடம்பு வந்து, திருகாணிக்குத் திருகாணி நிறம் ஏறி, மூடிக்குப் பச்சையா நீலமா என்று வாக்கெடுப்பும் முடிந்திருக்கும். இயந்திரம் வேலை செய்யுமா? அதெல்லாம் அப்புறம்!

பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் தாணுமாலையன் இந்த இனத்தின் திலகம். வள்ளியூர் பம்பு கம்பெனி ஒன்று, தண்டின் தடிமனைத் தலைமுடியில் ஐம்பதில் ஒரு பங்குவரை பிசகாமல் அளக்கும் இயந்திரம் கேட்டிருந்தது. இந்த ஆர்டர் கைநழுவினால் மறுபடி கிரில் கதவு அடிக்கப் போகவேண்டியதுதான். ஒரே நிபந்தனை: மூன்று மாற்று யோசனைகளைக் காட்ட வேண்டும்.

மூன்றா? ஏற்கெனவே வண்ணமேற்றி முடித்திருந்த தன் படத்தின் முன்னால் சற்றுநேரம் சொக்கி நின்றுவிட்டு, வரைபடம் போடும் லிண்டாவைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, சும்மா ரெண்டு படம் போட்டு வையி. பாத்ததும் வேண்டாம்னு தள்ளணும், அம்புட்டுதான்."

லிண்டா பத்தே நிமிஷத்தில் போட்டாள். மறுநாள் கம்பெனியிலிருந்து தாஜ் முகம்மது வந்தார். வண்ணப் படத்தைத்தான் முதலில் கையில் எடுத்தார். தாணுமாலையனுக்குப் பெருமை தாங்கவில்லை. தாஜ் முகம்மது படத்தின்மேல் விரலை வைத்தார்.

"அண்ணாச்சி, தண்டு இங்கன இருக்கு, அளவுகோல் ஒரு முழம் தள்ளி அங்கன இருக்கு. நடுவுல நகருத தட்டு லேசா சாஞ்சாலும் அளவு பொய்யால்லா போகும்?"

"அத பொறவு சாப்ட்வேர்ல பாத்துக்கிடலாம்."

"நம்ம ஊரு வெயிலுக்குக் காலைல ஒரு சாய்வு, மத்தியானம் ஒரு சாய்வு. எதன்னு கழிப்பீங்க?"

தாணுமாலையன் எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்தார். தாஜ் முகம்மது மூன்றாவது தாளை உருவினார். "இதுல தண்டும் அளவுகோலும் ஒரே கோட்டுல இருக்கு. தட்டு லேசா சாஞ்சாலும் அளவுக்குப் பாதகமில்ல. இதுதான் வேணும். யாரு போட்டது?"

லிண்டா வாயைத் திறந்தாள்.

"நாந்தான் போடச் சொன்னேன்," என்றார் தாணுமாலையன். பொய் என்று யார் சொல்ல முடியும்?

ஆர்டர் பிழைத்தது. ஆனால் அண்ணாச்சி ஒரு வாரம் லிண்டாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தப்பு செய்தவளல்லவா!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். வீடு கட்டுமுன் மூன்று பிளானை மேசையில் பரப்பி, "உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?" என்று குடும்பத்தையே கூட்டிக் கேட்டீர்களே, அவர்கள் வேறொன்றைத் தொட்டதும் உங்கள் முகம் ஏன் அப்படிப் போயிற்று?