சால்வோவுக்கும் நன்றி

எனக்கு இத்தாலியில் வாக்கு இல்லை. இருப்பது ஒரு பெர்மெசோ மட்டுமே. அந்த வதிவிட அனுமதியும் புதுப்பிக்கப் போய், ஏதோ ஒரு அலுவலக மேசை லாச்சிக்குள் நித்திரை கொள்கிறது. அப்படிப்பட்ட நான், ஐம்பதைத் தாண்டிய வயதில், ஜனாதிபதி வேட்பாளர் ஒருவரின் கொடியைத் தூக்கிக்கொண்டு பலெர்மோ வெயிலில் ஒரு பின்னேரம் முழுக்க நின்றேன். அவருடைய கொள்கை என்னவென்று யாராவது கேட்டிருந்தால், கொடியைத்தான் காட்டியிருப்பேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் நன்றியுரை. மனித குலம் தோன்றிய நாளிலிருந்து, ஒரு கூட்டத்தின் கடைசிச் சில நிமிடங்களுக்காகவே பிறந்த ஒரே பிறவி அவள்தான் என்று எந்தக் கோவிலிலும் சத்தியம் செய்வேன். தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது அவளுடைய பல்கலைக்கழக அட்டையில் மட்டும் புழங்குகிறது. நாங்கள் இருக்கும் சீசா வட்டாரத்துத் தமிழர்களுக்கு அவள் நன்றியுரை.

எங்கள் சங்கத்தில் பொங்கல் விழாவோ ஒளிவிழாவோ, எது நடந்தாலும் மங்கல விளக்கேற்றுவது ஒரு பெரிய மனிதர். வரவேற்புரை அவருடைய மைத்துனர். தலைமையுரை அந்த இருவருக்கும் பொதுவான பகைவர். நன்றியுரை மட்டும் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே இவளுக்கு. ‘அவையோருக்கு வணக்கம்’ என்று அவள் தொடங்கவும், பின்பக்கம் புரியாணிச் சட்டியின் மூடி திறக்கவும் சரியாக இருக்கும். அவையோர் அந்தப் பக்கம் போய்விடுவார்கள். அவள் வெறும் கதிரைகளைப் பார்த்து, ஒருவர் விடாமல் நன்றி சொல்லி முடிப்பாள்.

“மாமா, ஒரு நாளைக்கெண்டாலும் சனம் இருக்கேக்கை கதைச்சு முடிக்கோணும்,” என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள்.

“அதுக்குச் சாப்பாட்டை நிப்பாட்டோணும், பிள்ளை. சாப்பாட்டை நிப்பாட்டினாச் சங்கமே நிண்டுபோம்.”

அவள் சிரிக்கவில்லை.

இந்த நிலையில்தான் அவளுக்குக் குடியுரிமை கிடைத்தது. கூடவே தேர்தலும் வந்தது. இத்தாலியின் ஜனாதிபதியை மக்கள் நேரே தெரிவு செய்வதில்லை. ஆனால் சிசிலித் தீவின் ஆட்சித் தலைவரையும் இங்கே ஜனாதிபதி என்றுதான் சொல்வார்கள். அவருக்கு மக்கள் வாக்குப் போடலாம். முதல் வாக்கு. அதிலும் அரசறிவியல் படிக்கிற பிள்ளை. வேட்பாளர் எங்கள் வட்டாரச் சதுக்கத்துக்கே பேச வருகிறார் என்று தெரிந்ததும் அவளுக்குக் காய்ச்சல் வராத குறை. அவருடைய பேச்சுகளைத் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு, எந்த இடத்தில் இருமுவார் என்பது வரை பாடமாக்கியிருந்தாள்.

கூட்டம் பின்னேரம். அவள் மத்தியானமே வந்து என் வீட்டு அழைப்புமணியை அழுத்தினாள். உடம்பில் பொங்கலுக்கு உடுக்கும் பட்டுச் சேலை, காலில் ஓட்டச் சப்பாத்து. தாய் ஒரு இத்தாலியச் சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டு வேலையில் நின்றதால், துணைக்கு அகப்பட்டவன் நான்.

“என்ன மாமா, இன்னும் வெளிக்கிடேல்லையே?”

“இப்பதான் சோறு போட்டனான், பிள்ளை.”

“சோறு எண்டைக்கும் இருக்கும். ஜனாதிபதி இண்டைக்கு மட்டும்தான்!”

“அவர் இன்னும் ஜனாதிபதியாகேல்லையே.”

“ஆகினாப் பிறகு எங்களைக் கிட்ட விடுவினமே? கெதியா வாங்கோ!”

சதுக்கத்தில் எங்களைத் தவிர ஒரு பூனையும், வயர் இழுத்துக்கொண்டிருந்த சால்வோ என்ற ஒலிபெருக்கிக்காரனும்தான் இருந்தார்கள். முன்வரிசையில் இடம் பிடிக்க வந்தவளுக்கு, முன்வரிசையே இன்னும் வந்து சேரவில்லை. கதிரைகள் லொறியில் வந்தபோது அவளே இறக்கி அடுக்கினாள். என்னையும் அடுக்க வைத்தாள். சும்மா நிற்கிற கை என்று கண்ட கட்சிக்காரர் ஒருவர் என்னிடம் கொடியைத் தந்தார். எதிர் பால்கனிக் கிழவி, பதாகையை மறைத்த ஈர உடுப்புகளை உள்ளே எடுத்தாள். ஒலிபெருக்கி வைத்து மரக்கறி விற்கும் முச்சக்கர வண்டிக்காரர் தன் கூவலை நிறுத்தினார். எல்லாரிடமும் போய்ப் பெயர் கேட்டாள் நன்றியுரை. எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. அவளுக்கும் விளங்கியிருக்காது; பழக்கதோஷம்.

சதுக்கம் நிரம்பியது. வேட்பாளர் வந்தார், பேசினார், மேலும் பேசினார், அதற்குப் பிறகும் பேசினார். நன்றியுரை கதிரையில் இருந்ததைவிட அதன்மேல் ஏறி நின்றதே அதிகம். அவர் வசனத்தை முடிக்குமுன் இவள் கைதட்டிவிட, அவர் இரண்டு முறை தடுமாறினார். கடைசியில் பாட்டுப் போட்டார்கள். அவர் கையசைத்துவிட்டுக் காரை நோக்கி நடந்தார். சனம் கலையத் தொடங்கியது.

“மாமா,” அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. “நன்றியுரை இல்லையே?”

“இஞ்சை அந்த வழக்கம் இல்லைப் பிள்ளை.”

“அப்ப வயர் இழுத்தவர்? கதிரை அடுக்கினவை?”

“எல்லாரும் வீட்டை போயிடுவினம். நாங்களும் போவம், வா.”

திரும்பிப் பார்த்தால் பக்கத்துக் கதிரையில் ஆளில்லை. மேடையில் பட்டுச் சேலை மினுங்கியது.

“அவையோருக்கு வணக்கம்!”

அதை மட்டும் தமிழில் சொன்னாள். மீதியெல்லாம் இத்தாலிய மொழி, பல்லரோச் சந்தை மீன்காரரின் தொண்டையில். காவலர் ஒருவர் மேடைப் படியில் கால் வைத்தார். சால்வோ வயரைப் பிடுங்கக் குனிந்தான்.

“முதலில், மத்தியானச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு எங்கள் காதுகளுக்காக உழைத்த சால்வோவுக்கு நன்றி!”

சால்வோவின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு அவன் போய் ஒலியைக் கூட்டினான்.

பால்கனிக் கிழவிக்கு நன்றி. அவள் மேலிருந்து முத்தம் பறக்கவிட்டாள். மரக்கறிக்காரருக்கு நன்றி, அவர் ஹோன் அடித்தார். வெயிலில் நின்ற காவலருக்கு நன்றி. அவர் காலைப் படியிலிருந்து எடுத்து, தொப்பியைச் சரிசெய்தார். போன சனம் திரும்பி வந்தது. கைதட்டல் தனக்கென்று நினைத்து வேட்பாளரும் திரும்பி வந்தார்.

“பல வேலைகளுக்கு மத்தியிலும் வருகை தந்து, சுருக்கமாகப் பேசிய பிரதம விருந்தினருக்கு நன்றி!”

எங்கள் சங்கத்தில் அது வழமையான வசனம். சதுக்கமோ விழுந்து விழுந்து சிரித்தது. நான் கொடியை நிமிர்த்திப் பிடித்து, சேட்டுக் கொலரை இழுத்துவிட்டு, என் முறைக்காகக் காத்து நின்றேன்.

“இறுதியாக, அனைவரும் இருந்து உணவருந்திச் செல்லுமாறு அன்போடு கேட்டுக்கொள்கிறோம்!”

பழக்கம் வாயை முந்திக்கொண்டது. அத்தனை பேரும் வேட்பாளரைப் பார்த்தார்கள். வேட்பாளர் தன் உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர், மூலையில் தக்காளியும் வெங்காயமும் அப்பிய தடித்த ரொட்டி விற்றுக்கொண்டிருந்த வண்டிலை நோக்கி ஓட்டமெடுத்தார். சதுக்கம் அவருக்குப் பின்னால் ஓடியது.

மேடைக்கு முன்னால் மறுபடியும் வெறும் கதிரைகள். ஆனால் இந்த முறை சனம் எழும்பிப் போனது அவள் பேசி முடித்த பிறகு. மைக்கைப் பிடித்தபடி அந்தக் கதிரைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். சால்வோ மட்டும் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு நடக்கும்போது மெல்ல எடுத்துவிட்டேன். “எல்லாம் திறமாத்தான் இருந்தது, பிள்ளை. ஒராளை மட்டும் விட்டிட்டாய் போலை கிடக்கு.”

அவள் நடுத்தெருவில் நின்றாள். கொடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“ஐயோ, ஓம் மாமா! அந்த லொறி ஓடினவர்! அடுத்த கூட்டத்திலை முதல் ஆள் அவர்தான். கொடியை நீங்களே வைச்சிருங்கோ, நீங்கள் என்னோடை வருவியள்தானே?”