பிரியாணி போட்டு நடத்திய அணில் பாடம்

சொந்தக்காரர்களைப் பற்றிப் பாடம் நடத்துகிறவனுக்குச் சொந்தக்காரர்களைப் பற்றி ஒன்றுமே தெரியாது. அதற்கு நானே சாட்சி. திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் விலங்கியல் வாத்தியார் நான். ஒரே வயிற்றில் பிறந்த விலங்குகள் ஏன் ஒன்றுக்காக ஒன்று உயிரைக் கொடுக்கின்றன என்ற பாடம் வந்துவிட்டால் மணி அடித்தாலும் விடமாட்டேன். (பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் அணில் வாத்தியார்.)

அந்தப் பாடத்தின் கதாநாயகி, வெளிநாட்டுப் புல்வெளியில் வளை தோண்டி வாழும் ஒரு வகை அணில். பருந்தைக் கண்டால் சத்தம் போடும். சத்தம் போட்டால் பருந்தின் கண் அதன்மேல்தான் விழும். இருந்தும் போடும், பக்கத்தில் இருப்பது அக்கா, தங்கை, பிள்ளைகள் என்பதால். பெரும்பாலும் பெண் அணில்தான் இப்படிக் கத்தும். கூடப் பிறந்தவரிடம் நம் மரபணுவில் பாதி இருக்கிறது, அவர் பிழைத்தால் நாமே பாதி பிழைத்த மாதிரி என்பது கணக்கு. அந்தக் கணக்கை நம்பித்தான் கெட்டேன்.

ஒருநாள் என் இரண்டு சிறுநீரகமும் கைவிரித்தன. "நெருங்கின சொந்தத்துல யாராவது ஒண்ணு குடுத்தா நல்லது" என்றார் டாக்டர். எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. சவரிமுத்து அண்ணன் இருக்கிறார், ஆரோக்கியம் அக்கா இருக்கிறாள், மதுரையில் கடைசித் தம்பி அமல் இருக்கிறான். அமலுக்கும் எனக்கும் ஒரே ரத்த வகை வேறு. அணிலே உயிரைக் கொடுக்கும்போது மனிதன் ஒற்றைக் கிட்னியைக் கொடுக்கமாட்டானா?

"தனித்தனியாப் போய்க் கேளுங்க" என்றாள் என் மனைவி லூர்து. "கூட்டத்துல கேட்டா ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு நழுவிருவாக."

"உனக்கு சயின்ஸ் தெரியாது" என்றேன். (தெரிந்தவன் லட்சணத்தைக் கேளுங்கள்.)

வியாதியைச் சொல்லாமல், "முக்கியமான விஷயம், ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வீட்டுக்கு வாங்க, பிரியாணி" என்று மட்டும் எல்லோருக்கும் போன் போட்டேன். எங்கள் குடும்பத்தில் முக்கியமான விஷயம் என்றால் நெய்க்காரப்பட்டியில் அப்பா விட்டுப்போன நிலம் ஒன்றுதான். அது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. அண்ணன் பத்திர நகலோடு வந்து இறங்கினார். கிணறு இருக்கிற பக்கம்தான் தனக்கு வேண்டும் என்று அக்கா வாசலிலேயே சொல்லிவிட்டாள். அமல் மட்டும் ரயிலில் வந்துகொண்டிருந்தான்.

ருசித்துச் சாப்பிட்டார்கள். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு நான் உப்பில்லாத சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். "லூர்து, உங்க பக்கமெல்லாம் விருந்துக்கு இம்புட்டுக் கறி போடுவாகளா?" என்று அக்கா வழக்கமான ஊசியைக் குத்தினாள். லூர்து அசல். அத்தை மகளை விட்டுவிட்டு உறவே இல்லாத இடத்தில் நான் கட்டியதால் எங்கள் வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர்.

இலையை எடுத்ததும் எழுந்து நின்றேன். நேராக விஷயத்தைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். நான் அணிலில் ஆரம்பித்து, எறும்புப் புற்றுக்குள் புகுந்து, தேன்கூட்டுக்குப் போனேன்.

"ஏலே, நீ நிலத்தப் பத்திப் பேசுறியா, அணிலப் பத்திப் பேசுறியா?" என்றார் அண்ணன்.

"நிலம் இல்லண்ணே. எனக்கு ஒரு கிட்னி வேணும். அமலுக்கும் எனக்கும் ஒரே ரத்தம். அவன் இல்லாட்டி நீங்க."

அண்ணன் தனக்குச் சர்க்கரை இருப்பதாகச் சொன்னார். (அப்போதுதான் பிரெட் அல்வாவை இரண்டாம் தரம் வாங்கித் தின்றிருந்தார்.) அக்கா மாலை மாலையாகக் கண்ணீர் விட்டாள். "ஒனக்காக இன்னைலருந்து தினம் செபமாலை சொல்றேன் அப்பு. செத்த இரு, மூஞ்சி கழுவிட்டு வாரேன்" என்று கொல்லைக்குப் போனாள்.

அப்போதும் எனக்கு நம்பிக்கை போகவில்லை. அமல் வந்துவிடுவான். எங்கே வருகிறான் என்று கேட்கப் போனை எடுத்துக்கொண்டு கொல்லைக் கதவுப் பக்கம் போனேன். வெளியே அக்காவின் குரல் கேட்டது.

"எங்கப்பு வார? கொடைரோடா? அங்கனயே எறங்கி மதுரைக்குத் திரும்பிப் போயிரு. நிலமெல்லாம் ஒண்ணும் இல்ல. கிட்னி கேக்குறான். உன்னோடதுதான் அவனுக்குச் சேருமாம். போன ஆப் பண்ணிப் போட்ரு."

அக்கா தம்பியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். உடன்பிறந்த பாசம், ஆபத்துக் குரல், பெண் அணில், எல்லாம் நான் நடத்திய பாடம் போலவே இம்மி பிசகாமல் நடந்தது. இத்தனை காலமும் என்னையும் ஒரு அணில் என்று நினைத்திருந்தது மட்டும்தான் தப்பு. பருந்து நான்தான். நெஞ்சு எரிந்தது, பிரியாணி தின்னாமலேயே.

அமல் கொடைரோட்டில் இறங்கிவிட்டான். அண்ணன் மிச்சப் பிரியாணியைத் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு புறப்பட்டார். லூர்து பாத்திரம் விளக்கிக்கொண்டே கேட்டாள்: "உங்க கணக்குல பொண்டாட்டிக்கு எம்புட்டு?"

"ஒண்ணுமில்ல. பூஜ்யம்."

"சரி. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயி என்னோடது சேருதான்னு பாப்போம்."

சேர்ந்தது. அதனால்தான் இதை எழுத நான் இருக்கிறேன்.

இப்போதெல்லாம் எந்தக் கல்யாண வீட்டிலும் நான் நாற்காலியை விட்டு எழுந்தால் போதும். "ஏ, தம்பி எந்திரிச்சுட்டான், எல்லாரும் இடுப்பப் பிடிச்சுக்கங்க" என்பாள் அக்கா. அண்ணன், அமல், அவர்கள் பிள்ளைகள் எல்லோரும் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். லூர்துவும் பிடித்துக்கொள்வாள், ஒரு பக்கம் மட்டும்.